கல் எப்படி அங்கே வந்தது? உத்திரமேரூர்க் குன்றுகளும் கோண்டுவானாப் பனியும்

செங்கல்பட்டிலிருந்து சாலவாக்கம் வழியாக உத்திரமேரூருக்குச் செல்லும் சாலையின் இருபுறமும் வயல்களுக்கும் ஏரிகளுக்கும் நடுவே தாழ்ந்த குன்றுகள் எழுந்து நிற்கின்றன. மரம் குறைவு, பாறை அதிகம். சரிவுகளிலும் உச்சிகளிலும் ஆள் உயரத்துக்கும் அதற்கு மேலும் குண்டுக்கற்கள் கிடக்கின்றன. சில தனியாக நிற்கும். சில ஒன்றன்மேல் ஒன்றாக, கைபட்டால் உருண்டுவிடும் என்ற நிலையில் ஆண்டாண்டாக அசையாமல் இருக்கும். அவற்றைப் பார்க்கிற எவருக்கும் முதலில் எழும் கேள்வி ஒன்றுதான்: இவ்வளவு பெரிய கல் எப்படி அங்கே வந்தது?

ஐரோப்பாவில் இதே கேள்வியிலிருந்து ஒரு புதிய அறிவியல் பிறந்தது. பிறகு இயற்கைப் பாதுகாப்பு இயக்கம் ஒன்றும் பிறந்தது. உத்திரமேரூர் இருக்கும் காஞ்சிபுரம் மாவட்டத்தில் அந்தக் கேள்வி கேட்கப்படுவதற்குள் பல கற்கள் ஜல்லியாகிவிடுகின்றன. ஒரு கல் தான் கிடக்கும் இடத்துக்கு வந்து சேர்ந்த வழியைத் தன் உடம்பிலேயே பதித்து வைத்திருக்கிறது. அதைப் படிக்கும் முறை எளியது. கல்வெட்டைப் போற்றத் தெரிந்த உத்திரமேரூர், எழுத்து வெட்டப்படாத கற்களையும் ஆவணமாகக் கருதிக் காக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

பனி சுமந்த கற்கள்

சுவிட்சர்லாந்தின் சமவெளிகளிலும் யூரா மலைச்சரிவுகளிலும் பிரம்மாண்டமான கிரானைட் பாறைகள் சிதறிக் கிடக்கின்றன. அடியில் இருப்பது சுண்ணாம்புப் பாறை. மேலே கிடப்பது நெடுந்தொலைவில் உள்ள ஆல்ப்ஸ் மலைக்குரிய கிரானைட். பெருவெள்ளம் அடித்துவந்தது என்று படித்தவர்கள் நம்பியிருந்த காலத்தில், மலைப்பகுதியில் வேட்டையாடி வாழ்ந்த ழான் பியேர் பெரோதான் என்பவர் வேறொன்று சொன்னார். பனியாறுகள் ஒரு காலத்தில் பள்ளத்தாக்கு முழுவதையும் நிரப்பியிருந்தன, அவைதான் இக்கற்களைச் சுமந்துவந்தன என்பது அவர் கருத்து. 1815-இல் அதைக் கேட்ட பொறியாளர் ழான் த ஷார்ப்பாந்தியே முதலில் ஏற்கவில்லை. பின்னாளில் அவரே அதன் முதன்மையான ஆதரவாளரானார். 1837-இல் நுஷாத்தெல் நகரில் லூயி அகாசி பனியூழிக் கோட்பாட்டை அறிவியலாளர் அவையில் முன்வைத்தார். ஏட்டுக் கல்வி இல்லாத ஒரு மலைவாசியின் கூர்ந்த பார்வையே அதற்கு விதை.

பனியாறு கொண்டுவந்த கல்லை இனம்காண மூன்று அடையாளங்கள் போதும். முதலாவது, அது அந்நியக் கல். அடியில் உள்ள பாறைக்கும் அதற்கும் உறவு இருக்காது. இரண்டாவது, அதன் முகங்கள் தேய்ந்து தட்டையாகி, ஒரே திசையில் ஓடும் கீறல்களைக் கொண்டிருக்கும். பனியின் அடிப்பகுதியில் சிக்கிய கற்கள் அடிப்பாறையோடு உரசும்போது இருபுறமும் கீறல் விழுகிறது. மூன்றாவது, அது தனியாகக் கிடக்காதபோது கூடவே வண்டலும் மணலும் கூழாங்கல்லும் பெரும்பாறையும் தரம் பிரிக்கப்படாமல் ஒரே அடுக்கில் கலந்திருக்கும். ஓடும் நீர் எடைக்கேற்ப பிரித்துப் படியவைக்கும். பனி அப்படிப் பிரிப்பதில்லை, கொண்டுவந்ததையெல்லாம் ஒரே இடத்தில் இறக்கிவிடும்.

இந்தக் கற்கள் அறிவியலுக்குப் பயன்பட்ட அதே காலத்தில் கட்டடத் தொழிலுக்கும் பயன்பட்டன. கையருகே கிடைக்கும் நல்ல கிரானைட் என்பதால் சுவிஸ் மக்கள் அவற்றை உடைத்துத் தூண்களாகவும் படிக்கற்களாகவும் ஆக்கினார்கள். 1867-இல் நிலவியலாளர்கள் அல்போன்ஸ் ஃபாவ்ரும் பெர்ன்ஹார்ட் ஸ்டூடரும் சுவிஸ் மக்களுக்கு ஒரு வேண்டுகோளை அச்சிட்டு வெளியிட்டார்கள்: எஞ்சியிருக்கும் பனிக்கற்களையாவது உடைக்காமல் விட்டுவையுங்கள். 1905-இல் மோந்தே என்ற ஊரில் உள்ள பியேர் தெ மார்மெத் என்னும் மாபெரும் பாறை கல்லுடைக்கும் தொழிலாளி ஒருவருக்கு விற்கப்பட்டபோது நாடெங்கும் எதிர்ப்பு எழுந்தது. அந்த எதிர்ப்பின் விளைவாக 1906-இல் சுவிஸ் இயற்கைப் பாதுகாப்பு ஆணையம் உருவானது. பாறை மீட்கப்பட்டது. 1909-இல் இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் தோன்றியது. 1914-இல் சுவிஸ் தேசியப் பூங்கா திறக்கப்பட்டது. உடைபட இருந்த ஒரு குண்டுக்கல்லைக் காக்கப்போய் ஒரு நாடு தன் காடுகளையும் காக்கக் கற்றுக்கொண்டது.

இந்தியாவில் பனியின் தடம்

ஆல்ப்ஸ் கற்களைச் சுமந்தது அண்மைக் காலப் பனியூழி. அது உச்சத்தில் இருந்தது சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன்பு. அப்போது இமயமலையில் பனியாறுகள் கீழிறங்கின. தமிழ்நாட்டுச் சமவெளியைப் பனி தொடவே இல்லை. ஆனால் அதற்கு வெகுகாலம் முன்பு, ஏறத்தாழ 30 கோடி ஆண்டுகளுக்கு முன்னர், இந்திய நிலப்பரப்பு பனிப் போர்வையின் கீழ் இருந்தது. இந்தியா அன்று தென்துருவத்துக்கு அருகில், அண்டார்டிகா, ஆஸ்திரேலியா, ஆப்பிரிக்கா, தென் அமெரிக்கா ஆகியவற்றோடு இணைந்து கோண்டுவானா என்னும் ஒரே பெருநிலத்தின் பகுதியாக இருந்தது. நம் கிழக்குக் கரை அப்போது கடற்கரை அல்ல; அதற்கு அப்பால் அண்டார்டிகா ஒட்டிக்கொண்டிருந்தது.

இதைக் கண்டறிந்த வரலாறு இந்திய நிலவியலின் பெருமைக்குரிய பக்கம். 1856-இல் ஒடிசாவின் தால்ச்சீர் நிலக்கரி வயலை ஆராய்ந்த வில்லியம் பிளான்ஃபோர்டு, ஹென்றி பிளான்ஃபோர்டு சகோதரர்களும் வில்லியம் தியோபால்டும் ஒரு விசித்திரமான அடுக்கைக் கண்டார்கள். மென்மையான, பச்சை நிற வண்டல் பாறைக்குள் பெரிய பெரிய குண்டுக்கற்கள் புதைந்திருந்தன. வண்டல் படிவதற்கு நீர் அசையாமல் இருக்க வேண்டும். குண்டுக்கல்லை நகர்த்த நீர் வெறிகொண்டு பாய வேண்டும். இரண்டும் ஒரே இடத்தில் ஒரே நேரத்தில் எப்படி நடக்கும்? பனிதான் இதற்கு விடை என்று அவர்கள் எழுதினார்கள். வெப்ப மண்டலத்தில் பனியா என்று ஐயுற்றவர்கள் பலர். 1870-களில் இன்றைய மகாராஷ்டிரத்தின் சந்திரபூர் அருகே, இரை என்ற ஊரையொட்டிய பெண்கங்கா ஆற்றுப் படுகையில், தாமஸ் ஓல்டமும் ஃபெட்டனும் தால்ச்சீர் அடுக்குக்கு அடியில் உள்ள சுண்ணாம்புப் பாறை மழமழவென்று தேய்ந்து, இணைகோடுகளாகக் கீறப்பட்டிருப்பதைக் கண்டார்கள். கல்லில் கீறல், பாறையில் கீறல் என இரண்டு சாட்சியங்களும் சேர்ந்ததும் ஐயத்துக்கு இடம் குறைந்தது.

அதே பனியின் தடங்கள் ராஜஸ்தானின் பாப் பகுதியிலும், பாகிஸ்தானின் உப்புமலைத் தொடரிலும், தென்னாப்பிரிக்காவிலும், ஆஸ்திரேலியாவிலும் கிடைத்தன. இன்று கடல்களால் பிரிக்கப்பட்ட நிலங்களில் ஒரே காலத்துப் பனித்தடங்கள் இருப்பதை ஆல்ஃபிரெட் வெகெனர் தம் கண்டப்பெயர்ச்சிக் கோட்பாட்டுக்கு வலுவான சான்றாகக் கொண்டார்.

பாலாற்றுப் படுகையும் இந்தக் கதைக்கு வெளியே இல்லை. ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் மேலே தெரிவன பிற்காலக் கோண்டுவானா அடுக்குகள். தாவரப் புதைபடிவங்களுக்குப் பெயர்பெற்றவை. பாலாற்றுப் படுகையில் அவற்றுக்கும் பழைய அடுக்குகள் உண்டு. தால்ச்சீர் காலத்தோடு ஒப்பிடத்தக்கவை என்று நிலவியலாளர்கள் இனம்கண்ட பச்சைக் களிப்பாறையும் குண்டுக்கல் அடுக்குகளும் அவை. பெரும்பகுதி மண்ணுக்கு அடியில் மறைந்திருப்பதால் சாலையில் போகிறவர் கண்ணில் படுவதில்லை. எனினும் பட்டுக்கும் கோயில்களுக்கும் பெயர்பெற்ற ஒரு மாவட்டத்தின் அடித்தளத்தில் துருவப் பனியின் நினைவு உறைந்திருக்கிறது என்பது பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லப்பட வேண்டிய செய்தி.

அந்தப் பனியின் தடத்தைக் கண்ணால் பார்க்க விரும்புகிறவர்களுக்கு ஒரு நல்ல இடம் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு நகருக்குத் தெற்கே உள்ள ஹாலெட் கோவ். 1877-இல் ரால்ஃப் டேட் என்ற பேராசிரியர் அந்தக் கடலோரப் பாறை முகட்டில் பனியாற்றுக் கீறல்களைக் கண்டறிந்தார். பனி தெற்கிலிருந்து சுமந்துவந்த கிரானைட் குண்டுக்கற்கள் அங்கே கிடக்கின்றன. அவற்றின் வயது தால்ச்சீர் அடுக்கின் வயதை ஒட்டியது. நகரம் வளர்ந்து வீட்டுமனைகள் நெருங்கியபோது நிலவியலாளர்களும் பொதுமக்களும் போராடினார்கள். 1976-இல் அது பாதுகாப்புப் பூங்காவாயிற்று. இன்று அங்கே நடைபாதையும் விளக்கப் பலகைகளும் உண்டு. பலகையைப் படித்துவிட்டுப் பாறையைப் பார்க்கும் சிறுவனுக்கு முப்பது கோடி ஆண்டு என்பது வெறும் எண்ணாக இருப்பதில்லை.

இருந்த இடத்திலேயே உருண்ட கற்கள்

இனி உத்திரமேரூர்க் குன்றுகளுக்கு வருவோம். அங்குள்ள குண்டுக்கற்களைப் பார்த்ததும் பனியின் வேலை என்று எண்ணத் தோன்றும். மேலே சொன்ன மூன்று சோதனைகளையும் வைத்துப் பார்ப்போம்.

முதலில் கல்லின் இனம். இந்த வட்டாரத்தின் குன்றுகள் பெரும்பாலும் சார்னோக்கைட் என்னும் கருநீலச் சாயலுள்ள பாறையாலும் நைஸ் பாறையாலும் ஆனவை. குவாரிக்காரர்கள் ப்ளூ மெட்டல் என்று சொல்வது பெரும்பாலும் இதைத்தான். புதிதாக உடைத்த முகம் எண்ணெய் தடவியதுபோல் மினுங்கும்; வெயிலும் மழையும் பட்ட முகம் பழுப்பேறியிருக்கும். குண்டுக்கல்லும் அதுவே, அடிப்பாறையும் அதுவே. இன்னும் நெருங்கிப் பார்த்தால் அடிப்பாறையில் ஓடும் வெண்ணிறப் படிக நரம்பு ஒன்று, இடைவெளியைத் தாண்டி, மேலே நிற்கும் குண்டுக்கல்லிலும் அதே திசையில் தொடர்வதைச் சில இடங்களில் காணலாம். வெளியூரிலிருந்து வந்த கல்லில் அப்படித் தொடர வழியில்லை. இரண்டாவது சோதனையிலும் கல் தேறுவதில்லை: இணைக்கீறல்கள் இல்லை, தட்டையாகத் தேய்ந்த முகங்கள் இல்லை. மூன்றாவதாக, கலவை வண்டலும் இல்லை. ஆக, இக்கற்களை யாரும் எதுவும் கொண்டுவரவில்லை. அவை பிறந்த இடத்திலேயே நிற்கின்றன.

உருண்டை வடிவம் எப்படி வந்தது? அதற்கான விடை வயல் கிணறுகளில் இருக்கிறது. சுற்றுச்சுவர் கட்டாத பழைய பாசனக் கிணற்றை எட்டிப் பார்த்தால் பக்கச் சுவரில் முழுக் கதையும் தெரியும். மேலே செம்மண். அதன் கீழே கையால் உதிர்த்துவிடக்கூடிய கிராவல். கிராவலுக்குள் அங்கங்கே உறுதியான குண்டுக்கற்கள் பதிந்திருக்கும். அவற்றுக்குக் கீழே கட்டம் கட்டமாக வெடிப்பு விழுந்த அடிப்பாறை.

இந்தப் பாறை சுமார் 250 கோடி ஆண்டுகளுக்கு முன்பு, பூமிக்கு அடியில் 20 கிலோமீட்டருக்கும் கீழே, கடும் வெப்பத்தில் உருவானது. மேலிருந்த சுமை கோடிக்கணக்கான ஆண்டுகளில் அரிக்கப்பட்டு விலகியபோது அழுத்தம் தளர்ந்து பாறையில் குறுக்கும் நெடுக்குமாக வெடிப்புகள் உண்டாயின. வெடிப்பு வழியே மழைநீர் இறங்கியது. நீரும் அதில் கரைந்த காற்றும் ஃபெல்ட்ஸ்பார் என்னும் தாதுவை மெல்ல மெல்லக் களிமண்ணாக மாற்றின. சதுரக் கட்டி ஒன்றின் மூலையை நீர் மூன்று பக்கமிருந்து தாக்குகிறது. விளிம்பை இரண்டு பக்கமிருந்து. முகத்தை ஒரே பக்கமிருந்து. மூலை முதலில் கரைகிறது, விளிம்பு அடுத்துக் கரைகிறது, நடுப்பகுதி மிஞ்சுகிறது. மிஞ்சியது உருண்டையாகத்தான் இருக்க முடியும். பிறகு மழை மேல்மண்ணைக் கழுவிக்கொண்டு போனதும் மண்ணுக்குள் உருண்ட கற்கள் குன்றின்மேல் வெளிப்பட்டு நிற்கின்றன. வெளிப்பட்ட பிறகும் வேலை முடிவதில்லை. கல்லின் மேற்பரப்பு வெங்காயத் தோல்போல் அடுக்கடுக்காகக் கழன்று விழுகிறது. கழன்ற அடுக்கைத் தட்டினால் உள்ளீடற்ற ஓசை கேட்கும். உறுதியான பகுதியைத் தட்டினால் கணீரென்று ஒலிக்கும்.

மாமல்லபுரத்தில் சரிவில் நிற்கும் பெரும் உருண்டைப் பாறையும் இத்தகைய பாறைச் சிதைவின் எச்சமே. கிருஷ்ணனின் வெண்ணெய் உருண்டை என்று ஊரும் உலகமும் அழைக்கும் அந்தக் கல்லின் எடை சுமார் 250 டன் என்று கணிக்கப்படுகிறது. அதைப் பார்க்க வெளிநாட்டினர் வரிசையில் நிற்கிறார்கள். அதே வகைக் கற்கள், அளவில் சிறியவையாக, உத்திரமேரூர் வட்டாரத்தில் யாரும் பாராமல் நிற்கின்றன.

ஆறு கொண்டுவந்தவை, மனிதர் கொண்டுவந்தவை

இடம்பெயர்ந்த கற்களும் இப்பகுதியில் இல்லாமலில்லை. பாலாறு, கொற்றலையாறு ஆகியவற்றின் பழைய கரைகளில் குவார்ட்சைட் கூழாங்கற்கள் பதிந்த சரளை அடுக்குகள் உண்டு. குவார்ட்சைட் இந்தச் சமவெளியின் சொந்தக் கல் அல்ல. வடக்கேயும் வடமேற்கேயும் உள்ள மலைகளுக்குரியது. மலையிலிருந்து கழன்று, பழைய கடலோரப் படிவங்களில் தங்கி, மறுபடியும் ஆறுகளால் புரட்டப்பட்டு வந்தவை இவை. உருண்டு உருண்டு வந்ததால் வழவழப்பானவை. அளவுக்கேற்பத் தரம் பிரிந்தவை. இத்தகைய அடுக்குகளை நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் 19ஆம் நூற்றாண்டில் காஞ்சிபுரம் சரளை என்று பெயரிட்டு எழுதினார்.

அந்த ஃபூட்தான் 1863 மே 30 அன்று பல்லாவரத்தில் ஒரு சரளைக் குழியில் மனிதக் கை செதுக்கிய கல்லைக் கண்டெடுத்தார். இந்தியாவின் பழங்கற்கால ஆய்வு அன்று தொடங்கியது. அதே ஆண்டு செப்டம்பரில் அவரும் வில்லியம் கிங்கும் அத்திரம்பாக்கத்தைக் கண்டறிந்தார்கள். தொல்லியலாளர் சாந்தி பப்புவின் குழு அங்கே நடத்திய அகழாய்வு, கைக்கோடரிகள் சுமார் 15 லட்சம் ஆண்டுப் பழமையானவை என்று 2011-இல் நிறுவியது. நடுப் பழங்கற்காலத் தொழில்நுட்பம் அங்கே ஏறத்தாழ 3,85,000 ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கிவிட்டது என்பது 2018-இல் வெளியானது. ஆறு கொண்டுவந்து போட்ட குவார்ட்சைட் இல்லையென்றால் அந்தக் கருவிகள் இல்லை. நம் மண்ணின் முதல் தொழிற்கூடம் ஆற்றுக்கல்லின்மேல் எழுந்தது.

அதற்குப் பிறகு மனிதரே கல் சுமக்கத் தொடங்கினார்கள். உத்திரமேரூர் வட்டத்தில் சாலவாக்கத்துக்கு அருகே உள்ள எடமிச்சியில் பெருங்கற்காலக் கல்வட்டங்கள் இருக்கின்றன. இறந்தோரைப் புதைத்த குழியைச் சுற்றிக் குன்றிலிருந்து கொண்டுவந்த குண்டுக்கற்களை வட்டமாக நட்டிருக்கிறார்கள். மதுராந்தகம் அருகே சானூரில் 1950-களின் தொடக்கத்தில் இந்தியத் தொல்லியல் துறைக்காக என். ஆர். பானர்ஜியும் கே. வி. சௌந்தரராஜனும் அகழ்ந்தபோது இத்தகைய வட்டங்களுக்குள் கால்கள் வைத்த சுடுமண் ஈமப்பேழைகளும் கறுப்பு-சிவப்புக் கலங்களும் இரும்புப் பொருள்களும் வெளிப்பட்டன. கல்வட்டம் ஒன்றைச் சுற்றி நடந்து பார்த்தால் ஒன்று புலப்படும்: கற்கள் உருவத்திலும் உயரத்திலும் ஓரளவு ஒத்திருக்கின்றன. இயற்கை உருட்டி வைத்தவற்றிலிருந்து பொருத்தமானதைத் தேர்ந்து எடுத்திருக்கிறார்கள். மூலைகள் கரைந்து உருண்டையான கல் கிடைத்ததால்தான், பாறையை வெட்டாமலே அவர்களால் வட்டம் அமைக்க முடிந்தது.

பல்லவரும் சோழரும் வந்தபோது கல்லை வெட்டும் கலை முதிர்ந்துவிட்டது. பாறையில் வரிசையாகச் சிறு குழிகள் வெட்டி, ஆப்பு இறக்கிப் பிளந்தார்கள். மாமல்லபுரத்துப் பாறைகளில் அந்தக் குழிவரிசைகளை இன்றும் எண்ணலாம். அப்படி வெட்டிய கல்லே ஆவணமும் ஆனது. உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயிலின் கல்லில் முதலாம் பராந்தகனின் 12, 14ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டுகள், அதாவது 919, 921ஆம் ஆண்டுகளுக்குரியவை, குடவோலை முறையை வரிவரியாகச் சொல்கின்றன. முப்பது குடும்புகள், வாரியப் பெருமக்களுக்கான தகுதிகள், தகுதியிழப்புக்கான காரணங்கள் எல்லாம் அதில் உண்டு. ஏரி வாரியத்துக்கு ஆறு பேர். வைரமேக தடாகம் என்று கல்வெட்டுகள் குறிப்பிடும் பேரேரியைத் தூர் வாரிக் காப்பது அந்த வாரியத்தின் பொறுப்பு. பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் திருமுக்கூடலில் வீரராசேந்திரன் காலத்துக் கல்வெட்டு, பதினைந்து படுக்கைகள் கொண்ட மருத்துவசாலையைப் பற்றிப் பேசுகிறது.

சார்னோக்கைட் என்ற பெயருக்குப் பின்னாலும் மனிதர் சுமந்த ஒரு கல் இருக்கிறது. கொல்கத்தாவின் புனித ஜான் தேவாலய வளாகத்தில் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறைமேல் கிடக்கும் கல், சென்னைப் பகுதியிலிருந்து கடல்வழியே போனது. அதை ஆராய்ந்த நிலவியலாளர் தாமஸ் ஹாலந்து 1893-இல் அந்தப் பாறை வகைக்குச் சார்னாக்கின் பெயரையே சூட்டினார். பறங்கிமலையில் உள்ள சார்னோக்கைட் பாறை இன்று தேசிய நிலவியல் நினைவுச்சின்னம். உலகெங்கும் பாடநூல்களில் இடம்பெறும் ஒரு பாறை வகைக்குத் தாயகம் நம் ஊர்.

உடைபடும் குன்றுகள்

இன்று அந்தத் தாயகம் கிரஷரில் அரைபடுகிறது. ஆற்று மணல் அருகியதும் பாறையை அரைத்துச் செய்யும் எம்-சாண்டுக்கான தேவை பெருகியது. சென்னையைச் சுற்றி எழும் அடுக்குமாடிகளுக்கும் தொழிற்சாலைகளுக்கும் நான்குவழிச் சாலைகளுக்கும் ஜல்லி வேண்டும். உத்திரமேரூர், வாலாஜாபாத் வட்டாரங்களில் பல குன்றுகள் பாதியாகிவிட்டன. சில இருந்த இடத்தில் ஆழமான நீர்க்குட்டைகள் மட்டுமே இருக்கின்றன. உடைப்பவர்களும் ஆபத்தில்தான் உழைக்கிறார்கள். 2021 பிப்ரவரியில் மதூர் கல்குவாரியில் பாறை சரிந்து தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள்.

கட்டடம் வேண்டாம் என்று யாரும் சொல்ல முடியாது. இக்கட்டுரையை எழுதுகிற வீடும் ஜல்லியில் நிற்பதுதான். எந்தக் குன்றை உடைப்பது, எதை விட்டுவைப்பது என்று முடிவெடுக்கும்போது குன்றின் மதிப்பை எந்தக் கணக்கில் எடுக்கிறோம் என்பதே கேள்வி. இப்போது கணக்கில் வருவது கல்லின் அளவும் அதற்காக அரசுக்குச் செலுத்தும் சீனியரேஜ் கட்டணமும்தான்.

வராத கணக்குகள் பல. குன்றின் வெற்றுப்பாறை மழையை உறிஞ்சுவதில்லை. விழுந்த நீரைச் சரிவில் இறக்கி அடிவாரத்து ஏரிக்கு அனுப்புகிறது. வெடிப்புகளில் தங்கும் நீர் சுனையாகக் கோடையிலும் ஆடுமாடுகளுக்கும் பறவைகளுக்கும் உதவுகிறது. குண்டுக்கற்களின் இடுக்குகளில் கொம்பன் ஆந்தை கூடு வைக்கிறது. உடும்பும் கீரியும் ஒளிகின்றன. காரையும் களாவும் சூரையும் வேர் பிடிக்கின்றன. சற்றுத் தொலைவில்தான் வேடந்தாங்கல், கரிக்கிலி பறவைச் சரணாலயங்கள் இருக்கின்றன. 2022-இல் இரண்டும் ராம்சார் ஈரநிலங்களாக அறிவிக்கப்பட்டன. வேடந்தாங்கல் மக்கள் பறவைகளைக் காத்த மரபு அரசின் சட்டங்களுக்கு முந்தியது. 1798-இல் ஆட்சியர் லயனல் பிளேஸ் அதற்கு அங்கீகாரம் தந்தார். ஏரியைக் காக்கும் அக்கறை, ஏரிக்கு நீர் அனுப்பும் குன்றுக்கும் நீள வேண்டும். குன்றைத் தூளாக்கினால் அந்தத் தூள் மழையோடு ஏரியில்தான் சேரும்.

சட்டத்தின் பார்வையும் குறுகியது. தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள கல்வட்டத்தைச் சுற்றி 100 மீட்டர் தடைசெய்யப்பட்ட பகுதி. அதற்கு அப்பால் 200 மீட்டர் கட்டுப்படுத்தப்பட்ட பகுதி. 2010 சட்டத்திருத்தம் இதை உறுதிசெய்கிறது. கல்வட்டத்துக்குக் கல் கொடுத்த குன்று அந்த எல்லைக்கு வெளியே இருந்தால் அதைக் காக்க யாரும் இல்லை. கல்லறைக்குப் பாதுகாப்பு உண்டு. அந்தக் கற்கள் எங்கிருந்து வந்தன என்று சொல்லும் சாட்சிக்குப் பாதுகாப்பு இல்லை.

அரிட்டாபட்டி காட்டும் வழி

வேறு வழி இருக்கிறது என்பதற்கு மதுரை மாவட்டம் மேலூருக்கு அருகே உள்ள அரிட்டாபட்டி சான்று. ஏழு பாறைக்குன்றுகள், தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு, சமணப் படுக்கைகள், பாண்டியர் காலக் குடைவரை, சுனைகள், வல்லூறு உள்ளிட்ட ஏராளமான பறவைகள் என்று எல்லாம் சேர்ந்த நிலம் அது. 2022 நவம்பரில் 193.215 ஹெக்டேர் பரப்பு தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. அதற்கான சட்டப்பிடி 2002ஆம் ஆண்டின் உயிரியல் பன்மயச் சட்டம், பிரிவு 37. 2024-இல் அந்தப் பகுதியையும் உள்ளடக்கி டங்ஸ்டன் சுரங்க ஏலம் வந்தபோது ஊர்மக்கள் கிராமசபைத் தீர்மானங்களோடு எழுந்தார்கள். 2025 ஜனவரியில் ஒன்றிய அரசு அந்த ஏலத்தை ரத்து செய்தது. பாரம்பரியத் தலம் என்ற அறிவிப்பு முன்பே இருந்ததால் மக்களின் குரலுக்குச் சட்டத்தின் வலு கிடைத்தது.

உத்திரமேரூர் வட்டத்துக்கும் இதே பாதை திறந்திருக்கிறது. அதே சட்டத்தின்படி ஒவ்வொரு உள்ளாட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழு இருக்க வேண்டும். அது மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டைத் தயாரிக்க வேண்டும். அந்தப் பதிவேட்டில் செடிகொடிகளோடும் பறவைகளோடும் குன்றுகளும் இடம்பெறட்டும். எந்தக் குன்றில் குண்டுக்கற்கள் நிற்கின்றன, எதில் சுனை உண்டு, எதன் நீர் எந்த ஏரிக்குப் போகிறது, எதன் அடிவாரத்தில் கல்வட்டம் இருக்கிறது என்று ஊரார் தாமே எழுதிவைக்கலாம். பள்ளி ஆசிரியர்களும் மாணவர்களும் ஒரு பருவத்தில் செய்துமுடிக்கக்கூடிய வேலை இது. அந்தப் பட்டியலோடு கிராமசபைத் தீர்மானம் சேர்ந்தால், குவாரி ஏல அறிவிப்பு வரும்போது எந்தக் குன்றைத் தொடக்கூடாது என்று சொல்ல ஓர் ஆதாரம் கையில் இருக்கும். முழுதும் நிற்கும் குன்றுகளில் ஒன்றிரண்டையாவது பாரம்பரியத் தலமாக்கி, கல்வட்டங்களோடும் வைகுண்டப் பெருமாள் கோயிலோடும் கரிக்கிலியோடும் இணைத்து, தமிழில் தெளிவான விளக்கப் பலகைகள் வைத்தால் மாணவர்களுக்கு அதைவிடப் பெரிய வகுப்பறை வேறில்லை. ஆறு உருட்டிய கல், மழை செதுக்கிய கல், மனிதன் நட்ட கல் ஆகியவற்றை ஒப்பிட்டுக் கற்க ஒரே நாள் சுற்றுலா போதும்.

சுவிஸ் அறிஞர்கள் 1867-இல் வேண்டுகோள் விடுத்தபோது அவர்களுடைய கற்களில் பெரும்பகுதி ஏற்கெனவே உடைபட்டிருந்தது. எஞ்சியவற்றைக் காத்ததால்தான் இன்று அங்கே பார்ப்பதற்குக் கல் இருக்கிறது. நமக்கும் இன்னும் எஞ்சியிருக்கிறது. ஏரிக்கென்று தனி வாரியம் வைத்து, அதன் உறுப்பினர்களை ஆண்டுதோறும் குடவோலையில் தேர்ந்தெடுத்த ஊர் உத்திரமேரூர். அந்த ஊரின் இன்றைய கிராமசபைகள் குன்றுகளுக்காகவும் ஒரு தீர்மானம் போட வேண்டும். அடுத்த ஏல அறிவிப்பு வருவதற்கு முன் அது நிறைவேற வேண்டும்.